தொண்ணூறுக்குள் ஒரு கர்ஜனை

ஜூன் 3, செவ்வாய்

இன்று உலக வரலாற்றில் ஒரு துயர நாள். அரசாங்க ஆய்வாளர் ஒருவர் என் மோட்டார் சைக்கிளைப் பேனாவால் குத்திவிட்டார்.

தகுதிச் சான்று புதுப்பிக்கப் பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தேன். வண்டிக்கு இருபத்திரண்டு வயது. பூமியை ஆறு முறை சுற்றியிருக்கும். கிலோமீட்டர் முள் எப்போதோ நின்றுவிட்டதால் யாரும் மறுக்க முடியாது. ஆய்வாளர் குனிந்தார். சைலன்சரில் துருப்பிடித்த இடத்தைப் பேனாவால் லேசாகத் தொட்டார். பேனா உள்ளே போய்விட்டது. முழுப் பேனா, மூடியோடு.

"இது சைலன்சரா, சல்லடையா?"

"காத்தோட்டம் சார்" என்றேன்.

சிரிக்கவில்லை. பேனா போன துக்கம். மீட்டரை வைத்து அளந்தார். தொண்ணூறு டெசிபலுக்குள் இருக்க வேண்டிய சத்தம் தொண்ணூற்றெட்டு. மஞ்சள் சீட்டு கொடுத்தார். ஜூன் 18க்குள் சத்தம் இறங்காவிட்டால் பதிவெண் ரத்து. வண்டி பழைய இரும்பு.

எனக்கென்ன, நான் நடந்தே வேலைக்குப் போய்விடுவேன். பேருந்து நிலையத்து அறிவிப்பாளன் நான். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பேருந்துகள் என் குரல் கேட்டுத்தான் கிளம்புகின்றன (என்று நம்புகிறேன்). ஆனால் அந்த நூற்று நாற்பதில் ஒன்றுகூடக் காலை ஆறு மணிக்குள் என் மனைவியின் பம்பு கம்பெனி வாசலுக்குப் போகாது. பத்தொன்பது வருடமாக அவளைக் கொண்டுபோய் விடுவது இந்த வண்டி. அவள் அங்கே மோட்டார் பரிசோதகர். ஸ்குரூடிரைவர் முனையை ஓடும் மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பாள். எந்த பேரிங் எத்தனை மாதத்தில் உயிரை விடும் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பிரிவு ஆறு மணிக்கு மட்டும்தான். ஒன்பது மணிக்கு வருகிறவர்களுக்கு பேக்கிங் பிரிவு, அட்டைப்பெட்டி ஒட்டலாம்.

சீட்டைக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"பதினஞ்சு நாள் இருக்குல்ல" என்றாள்.

ஜூன் 4, புதன்

ஓட்டையை ஈரத்துணியால் அடைத்து வண்டியை முறுக்கிப் பார்த்தேன். துணியைக் காணோம். தெருக்கோடியில் ஒருவர் தோளைத் துடைத்தபடி நாலா பக்கமும் முறைத்துக்கொண்டிருந்தார். நான் விசாரிக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

அக்கா மகள் உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஊரில் எந்த நட்டு எந்த வண்டிக்குச் சொந்தம் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"மாமா, இந்த மாடலையே நிறுத்தி பன்னெண்டு வருசம் ஆச்சு. கம்பெனி சைலன்சருக்கு எங்க போறது? வெளி கம்பெனி பீஸ் ரெண்டு இருக்கு, பாக்குறீங்களா?"

ஒன்று குட்டையாக, கறுப்பாக, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தது. இன்னொன்று நீளம். எஃகு. கடையின் விளக்கு, விசிறி, என் மீசை, எல்லாம் அதில் தெரிந்தன. பின்வாய் மட்டும் ஒரு குவளை அகலம்.

"கறுப்ப எடுங்க. அமைதியா இருக்கும்."

"நான் என்ன துக்க வீட்டுக்கா போறேன்?"

"சரி, அதுவும் தொண்ணூறுக்குள்ள வரும்தான். உள்ள இருக்கிற பேப்பர்ல சொன்னபடி மாட்டணும். பேப்பரப் படிங்க மாமா."

"உன் மாமனுக்கே வழிமுறையா?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

தோளில் வைத்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். பீரங்கியோடு திரும்பும் தளபதியைப் போல இருந்திருப்பேன். எதிரே வந்த இரண்டு பேர் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவர் தலையில் பட்டுவிடும் என்று பயந்தார், மற்றவருடையது மரியாதைதான்.

ஜூன் 7, சனி

இன்று நான் தனி ஒருவனாகச் செய்ததைப் பத்து மெக்கானிக்குகள் பத்து நாளில் செய்திருக்க மாட்டார்கள்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பம். எஞ்சின் வாயருகே இருந்த இரண்டு நட்டும் துருவில் ஒட்டிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினேன். கெஞ்சினேன். தொங்கினேன். ஸ்பேனர் வழுக்கி என் முழங்கை சுவரில் மோதியதில் சுவருக்குப் பலத்த சேதம். என் மனைவி வாசலில் நின்று, "ரெண்டு நிமிசம் வண்டிய ஓடவிட்டு, சூட்டோட திருகிப் பாருங்களேன்" என்றாள். அப்படியெல்லாம் செய்யக்கூடாது என்று விளக்கினேன். அவள் உள்ளே போனதும் செய்தேன். இரண்டும் வெண்ணெய் போலக் கழன்றன. மண்ணெண்ணெய் அப்போதுதான் வேலை செய்திருக்கிறது.

பழைய சைலன்சர் கையோடு இரண்டாக வந்தது. உள்ளேயிருந்து ஆய்வாளரின் பேனா விழுந்தது. எழுதவில்லை.

புதியதைப் பிரித்தேன். வழிமுறைப் பேப்பர் எட்டு மொழியில் இருந்தது. என்னுடையது ஒன்பதாவது. போகட்டும். பின்வாய்க்குள் ஓட்டை ஓட்டையாக, ஒரு முனை மூடிய ஒரு சாண் குழாய் ஒற்றைத் திருகில் நின்றது. வழியில் நசுங்காமலிருக்க வைத்த பேக்கிங். கழற்றினேன். வீணாக்க மனமில்லை, கீழ்வீட்டுத் தையல்காரருக்குக் கத்தரிக்கோல் வைக்கும் கூடாகப் பரிசளித்தேன். சிறு உரையும் ஆற்றினேன். மனிதர் நெகிழ்ந்துபோனார்.

மச்சினன் காரில் வந்து இறங்கினான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுக்கு இவ்ளோ பாடா மாமா? வித்துத் தள்ளுங்க. அக்கா பேசாம பேக்கிங்ல உக்காந்து ரிட்டையர் ஆகட்டும்" என்றான்.

"மாப்ளே, ஓரமா நில்லு. உன் கார் பயந்துக்கப் போகுது."

என் மனைவி தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாட்டி முடித்ததும் ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். தையல்காரர் தட்டிப் பார்த்தார். மச்சினன்கூட உள்ளங்கையை வைத்து, "கனமாத்தான் இருக்கு" என்றான். பிறகு நான் உதைத்தேன்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. மலை தொண்டையைச் செருமிக்கொண்டது போல. எதிர்வீட்டுச் சன்னல் தானாகத் திறந்தது. மச்சினனின் கார் நிஜமாகவே அலறத் தொடங்கியது. அவன் சாவியைத் தேடி எல்லாப் பையிலும் கைவிட்டான். கீழ்வீட்டில் தையல் ஊசி முறிந்ததாகத் தகவல்.

குழாய் சூடேறியதும் ஓர் அதிசயம். எண்ணெய்க் கையோடு தொட்ட அத்தனை பேரின் ரேகையும் பழுப்பாக எஃகில் சுட்டுப் பதிந்துவிட்டது. தேய்த்தும் போகவில்லை. மச்சினனின் முழு உள்ளங்கை, ஐந்து விரலோடு. முதல் முறை கிளப்புமுன் துடைக்க வேண்டும் என்று பேப்பரில் இருந்ததாம். நான் இதைக் கல்வெட்டு என்கிறேன்.

"எப்படி?" என்று என் மனைவியிடம் கேட்டேன்.

தலையைச் சாய்த்துக் கேட்டாள். "எங்க டேபிளுக்கு வந்தா நான் ரிஜெக்ட் பண்ணுவேன்" என்றாள்.

பொறாமை.

ஜூன் 9, திங்கள்

காலை ஐந்தரைக்கு நாங்கள் கிளம்பினால் தெருவில் அலாரம் தேவையில்லை. பம்பு கம்பெனிக் காவலாளி நாங்கள் முக்கால் மைல் தூரத்தில் வரும்போதே கதவைத் திறந்துவிட்டாராம். அரசர்களுக்குக்கூட முரசறைய ஆள் தேவைப்பட்டது. எனக்கு வலது கை போதும்.

ஒரு சின்ன விஷயம். முறுக்கிய கையை விட்டால் பின்னால் பட், பட் என்று வெடிக்கிறது. அது முழக்கம் என்றேன். "எங்கயோ காத்து கசியுது" என்றாள் அவள். ஹெல்மெட்டுக்குள் பஞ்சு வைத்திருந்தாள்.

ஜூன் 11, புதன்

தையல்காரர் படியில் மறித்தார். "அண்ணே, மூணு நாள்ல நாலு ஊசி. நேத்து ஒருத்தருக்குச் சட்டைக் காலர் வளைஞ்சே போச்சு." வெற்றியின் விலை என்றேன். அவர் பார்த்த பார்வையில் விலைப்பட்டியல் இருந்தது.

மாலை அக்கா மகள் வந்தாள். அவளுடைய போனில் சத்தம் அளக்கும் செயலி இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களின் வண்டியை அதில்தான் பார்ப்பாளாம், அசல் மீட்டருக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே காட்டும் என்றாள். வண்டிக்குப் பின்னால் பிடித்தாள். நான் முறுக்கினேன்.

நூற்றாறு.

இன்னொரு முறை பிடிக்கச் சொன்னேன். நூற்றேழு.

ஓட்டைச் சைலன்சரே தொண்ணூற்றெட்டுதான். ஒரு வாரம் முழுக்க... நான்... சரி. எழுதத்தானே வேண்டும். ஒரு வாரம் முழுக்க நான் குதித்துக் குதித்து அதை மோசமாக்கியிருக்கிறேன். இன்னும் ஏழே நாள்.

என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்தாள். வழக்கமாக அங்கே உட்கார மாட்டாள். "சூப்பர்வைசர்கிட்ட நேத்து பேசினேன்" என்றாள். "பேக்கிங்ல ஒரு இடம் இருக்காம். பதினெட்டாம் தேதி வரைக்கும் எனக்காக வெச்சிருக்கேன்னாரு."

"அதெல்லாம் வேணாம்."

"வேணாம்தான். எனக்கு மட்டும் வேணுமா? அங்க போனா என் காதுக்கு என்னங்க வேலை?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன். கோபமே இல்லை. என்னடா மனுசன் நீ? பொண்டாட்டி பொழப்பு போகுது, நீ ராஜா வர்றார்னு முரசு அடிச்சிட்டுத் திரியுற.

இன்று இவ்வளவு போதும்.

ஜூன் 12, வியாழன்

மதிய இடைவேளையில் அக்கா மகளின் கடைக்கு ஓடினேன்.

"மாமா, பின்வாய்க்குள்ள ஒரு குழாய் இருக்குமே? ஓட்டை ஓட்டையா, ஒரு பக்கம் அடைச்சு?"

நான் மேலே விசிறியைப் பார்த்தேன்.

"மாமா."

"அது பேக்கிங்..."

"அதுதான் மாமா சத்தத்த அடக்குறதே! தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"ச்சேச்சே. பரிசாக் குடுத்தேன்."

அவள் கல்லாமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று எழுதிக்கொள்கிறேன்.

மாலையில் தையல்காரர் முன் நின்றேன். குழாய் அவர் மேசையில் இருந்தது. இரண்டு கத்தரிக்கோல், சுண்ணக்கட்டி, ஒரு பேனா, எல்லாம் அழகாக அடுக்கியிருந்தார். சுற்றிச் சிவப்புத் துணியில் உறைகூடத் தைத்திருந்தார்.

"குடுத்தத திருப்பிக் கேக்குறீங்களா அண்ணே? பேச்செல்லாம் பேசிக் குடுத்தீங்களே."

காரணத்தைச் சொன்னேன். முழுவதும், ஜோடனை இல்லாமல். எனக்கே வியப்பாக இருந்தது. அவர் கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். "அண்ணி வேலைக்காகக் குடுக்குறேன். உங்களுக்காக இல்ல. ஆனா ஒரு கண்டிசன். மீட்டர்ல பாஸ் ஆகுற வரைக்கும் காலைல தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போய்த்தான் கிளப்பணும்."

சிவப்பு உறையை அவரே வைத்துக்கொண்டார்.

ஜூன் 13, வெள்ளி

தள்ளினேன். நூற்று நாற்பது கிலோ இரும்பு. பின்னால் என் மனைவி, கையில் என் ஹெல்மெட்டோடு. சன்னலில் தையல்காரர், கையில் காப்பியோடு.

ஜூன் 14, சனி

குழாயைத் திரும்ப மாட்டிவிட்டேன். அந்தச் செயலியை என் போனிலும் ஏற்றி அளந்தேன், தொண்ணூற்று மூன்று. இன்னும் மூன்று. பட், பட் நிற்கவில்லை.

"நகருங்க" என்றாள் என் மனைவி.

ஒரு முழ நீள ரப்பர்க் குழாய் எடுத்து வந்தாள். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையை ஓடும் எஞ்சின் அருகே ஓரங்குலம் ஓரங்குலமாக நகர்த்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன்; அவள் வேலை செய்வதை இன்றுதான் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது இடது கையை உயர்த்தினாள். மூடிக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் என் வாயை மூட மின்தடையாலும் முடிந்ததில்லை, பேட்டரி இருக்கிறது.

எஞ்சின் வாயும் சைலன்சரும் சேரும் இடத்தில் குழாய் நின்றது.

"இங்கதான். சீய்ய்னு போகுது. நடுவுல வளையம் ஏதாவது போட்டீங்களா?"

"போட்டேனே."

"புதுசா?"

"பழசு... நல்லாத்தான் இருந்துச்சு."

இருபத்திரண்டு வருடம் நசுங்கிக் கிடந்த செம்பு வளையம். அதைத் துடைத்து மறுபடி போட்டிருக்கிறேன். அக்கா மகள் போனிலேயே சிரித்துவிட்டுப் புது வளையத்தோடு வந்தாள். மாட்டியது நான்தான் (இதையும் குறித்து வைக்கிறேன்). கிளப்பினோம்.

வெடிக்கவில்லை. சத்தம் ஒன்றாகச் சேர்ந்து, அடியிலிருந்து, நிறைந்து வந்தது. கர்ஜனைதான். ஆனால் வாயைத் திறக்காமல்.

எண்பத்தொன்பது.

என் மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இத பாஸ் பண்ணுவேன்" என்றாள்.

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பதக்கங்கள் மொத்தம் ஒன்று. அது இது.

ஜூன் 17, செவ்வாய்

அவள் ஷிப்ட் முடிந்து இரண்டரைக்குப் பரிசோதனை நிலையம் போனோம். வரிசையில் முப்பது பேர். எல்லோரும் என் எஃகைப் பார்த்தார்கள். ஒருவர் மச்சினனின் உள்ளங்கையைக் காட்டி, "இது டிசைனா?" என்று கேட்டார். வெளிநாட்டு வேலைப்பாடு என்றேன்.

அதே ஆய்வாளர். புதுப் பேனா. பழையதைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார்.

"பாதி வேகத்துல நிறுத்திப் பிடிங்க. பத்து நொடி. ஏத்தவும் கூடாது, இறக்கவும் கூடாது."

பத்து நொடிதானே. ஆனால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை... சத்தியமாக நான் எதுவும் செய்யவில்லை. கை தானாக முறுக்கியது. பத்து வருடப் பழக்கம், கூட்டம் கண்டால் குரல் உயரும். இப்போது கைக்கும் அது வந்துவிட்டது.

"தொண்ணூத்தி நாலு" என்றார் ஆய்வாளர்.

கையைச் சட்டென்று எடுத்தேன்.

"சார், இன்னொரு தடவை" என்றது ஒரு குரல். என்னுடையதல்ல. "வண்டியில குறை இல்ல சார். கைதான்."

அவர் அவளைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். "கடைசி" என்றார்.

"இறங்குங்க" என்றாள் என்னிடம்.

இறங்கினேன். ஏறி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை முன்னால். ஆக்சிலரேட்டரில் கை வைத்து மெல்லத் திருகினாள். சத்தம் ஓரிடத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. ஒரு நொடி, இரண்டு. நான் எண்ணினேன். ஏழில் மூச்சு விட மறந்தேன். சத்தம் நின்ற இடத்திலேயே நின்றது, வரைந்த கோடு மாதிரி.

எண்பத்தெட்டு.

முத்திரை குத்தும் சத்தம்! அதைவிடச் சிறந்த இசையை நான் கேட்டதில்லை. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். சரி, நான்தான்.

ஆய்வாளர் சான்றை அவளிடம் நீட்டினார், என்னிடம் அல்ல. "கை நல்லா நிக்குதும்மா. ஓட்டுவீங்களா?"

"இல்ல சார். இவர்தான் ஓட்டுவாரு."

"ஏன்?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஜூன் 18, புதன்

பேக்கிங் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாளாம். மச்சினனுக்கு நானே போன் போட்டேன். பேருந்து நிலையக் குரலில்.

ஜூன் 29, ஞாயிறு

அவளுக்குப் பழகுநர் உரிமம் வாங்கியாயிற்று. பம்பு கம்பெனிக்குப் பின்னால் உள்ள திடலில் பயிற்சி. பின்னால் நான். கிளட்சைப் பற்றி நான் ஆற்றிய அரைமணி நேர உரையில் பாதியிலேயே வண்டி நகர்ந்துவிட்டது. கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க, கேக்க மாட்டேங்குது" என்றாள். வண்டியைச் சொல்கிறாள். சத்தத்தை வைத்தே மாற்றுகிறாள். ஒருமுறைகூடக் கரகரக்கவில்லை. இரண்டு முறை விழுந்தோம். இரண்டு முறையும் நான் அசைந்ததால் என்று தீர்ப்பு.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஓட்டுநர் தேர்வு. உள்ளே தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் அனுமதி. வெளியே ஆளுயரத்துக்கு மேல் மதில். எம்பினேன், தெரியவில்லை. கல் ஒன்றை உருட்டி ஏறினேன், காவலர் இறக்கிவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எல்லாச் சத்தமும் கொசு மாதிரி. பிறகு ஒன்று கிளம்பியது. அது என்னுடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறக்காத அந்தக் கர்ஜனை.

எட்டுப் போட வேண்டும். காலை ஊன்றினால் தோல்வி. ஊன்றப் போகிறவர்கள் அதற்குமுன் வேகத்தை விடுவார்கள், சத்தம் தொய்யும். மதிலில் காதை வைத்துக்கொண்டேன். முதல் வளைவு. சத்தம் இடது பக்கம் போனது, திரும்பியது, நடுவுக்கு வந்தது. தொய்யவில்லை. இரண்டாவது வளைவு வலது பக்கம். கொஞ்சம்... ஏ, விட்டுடாதே... விடவில்லை. மறுபடி நடுவுக்கு வந்து, ஒரே சீராக, நேராகப் போய், நின்றது.

"உங்களுக்கு என்ன சார் தெரியுது அங்க?" என்றார் காவலர்.

"பாஸ்" என்றேன்.

"இன்னும் ரிசல்டே சொல்லலியே."

"எங்க வண்டி சொல்லிருச்சு."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை ஐந்தரை. எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். எழுந்தேன். பனியனோடு வாசலில் நின்றேன். சாவியைத் தானே எடுத்துக்கொண்டாள், "கதவப் பூட்டிக்கோங்க" என்றாள், ஒரே உதையில் கிளப்பினாள்.

தையல்காரர் சன்னலைத் திறந்தார். "யாரு அண்ணே போறது? சத்தமே வேற மாதிரி இருக்கு."

தெருமுனையில் மூன்றாவது கியர் விழுந்தது. நான் போடுவதற்குப் பத்தடி முன்னாலேயே. பாலம் ஏறும்போது கேட்டது. இறங்கும்போதும் கேட்டது. அதற்கப்புறம் கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று தெரியவில்லை. ஆறு மணி வரை அங்கேயே நின்றேன்.